வெள்ளைச் சுவர் வேண்டாம்

பஸ்ரா

அன்பு மகன் முஹன்னதுக்கு அம்மா எழுதுவது. இறைவன் கருணையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் தங்கை ஷதாவும் பிள்ளைகளும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதினால் ஒழுங்காகச் சொல்லலாம்.

பெருநாளுக்கு எடுத்த குடும்பப் படத்தில் உன்னையும் சேர்க்கத்தான் ஷதா உன்னிடம் படம் கேட்டாள். வெள்ளைச் சுவர் முன்னால் நேராக நில், கையைத் தொங்கவிடு, கேமராவைப் பார், வெட்டி ஒட்ட அதுதான் வசதி என்று ஸ்டூடியோ ஹாஷிம் சொன்னபடியே நீயும் கோட்டுப் போட்டு எடுத்து அனுப்பினாய். அவன் உன்னை அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் உன் அண்ணன் லைத் பக்கத்தில் நிறுத்திவிட்டான். லைத் குண்டுவெடிப்பில் போன பிறகு வீட்டில் எந்தப் படம் எடுத்தாலும் அவனை அந்த இடத்தில்தானே ஒட்டி வாங்குகிறோம், உனக்கும் அதே வெளிறிய முகம், அதே நேர்ப் பார்வை. அப்பா படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இவன் எப்பப் போனான், எங்கிட்ட ஏன் மறைச்சே என்று கேட்டார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குக் காது சரியில்லை, கத்திச் சொன்னோம், எழுதிக் காட்டினோம், வீடியோவில் உன்னைக் காட்டினோம், அது நின்று நின்று வந்ததும் இதுவும் ஹாஷிம் வேலையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருநாள் பலகாரத்தைத் தொடவில்லை. துக்க வீட்டில் தருகிற மாதிரி சர்க்கரையில்லாத காபி வைக்கச் சொல்லி, வாழ்த்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டு அபூ சல்வானுக்கும் அதையே நீட்டினார். அட மனுஷா, போன வாரம்தானே உம்ம பையன் தான் பிடிச்ச மீனைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான், செத்தவன் தூண்டில் போடுவானா என்று அப்பாவின் காதருகே கத்தினார். அந்த மீன் மட்டும் உசிரோடவா இருக்கு என்றார் அப்பா. அபூ சல்வான் மிச்சக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது தொழுகை முடிந்ததும் உன் பெயரையும் லைத் பெயரையும் சேர்த்தே மறைந்தவர்களுக்கான துஆ செய்கிறார். நான் அடுப்படியில் நின்று கேட்கிறேன்.

அதனால் நீயே உன்னை மறுபடி படம் எடுத்து அனுப்பு, ஆனால் சுவர் முன்னால் நிற்காதே. கழுவாத பாத்திரங்களோடு உன் சமையலறையில் எடு. வாயில் சோறு இருக்கும்போது எடு. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தலை நனைந்து, வேறெங்கோ பார்த்தபடி எடு. போனைப் பிடித்த கை படத்தில் விழட்டும், கலங்கியிருந்தாலும் பரவாயில்லை. சட்டைப் பொத்தானைக்கூடத் தப்பாகப் போட்டுக்கொள். கம்பீரமாக மட்டும் நிற்காதே, கம்பீரமாக நிற்கிறவர்களைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், அதை இங்கே எழுதவில்லை. உனக்கு அங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைக்கும்வரை வர முடியாது என்று எனக்குத் தெரியும், வா என்று கேட்கவில்லை. உன்னைப் புதைத்துவிட்ட நினைப்போடு அவர் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, இறைவன் உன்னைக் கண்போலக் காப்பான். ஒன்று மறக்காதே. முன்தலையில் முடி கொட்டிவிட்டதென்று நீ தொப்பியோடுதான் படம் எடுக்கிறாயாம், ஷதா சொன்னாள். தொப்பியைக் கழற்றிவிட்டு எடு. லைத்துக்கு இன்னும் இருபத்திரண்டு வயசுதான், அது அப்பாவுக்குத் தெரியும். உனக்கு வயசாவதை அவர் பார்க்கட்டும்.

உன் அம்மா
நாஹிதா