பிடோக் குன்றின் தர்கா வழியைக் கந்தூரிக்கு முன் மூடக் கோருதல்

அனுப்புநர்:
சாயிரா பானு,
க/பெ முகம்மது யூசுப்,
தர்கா குன்றடி, பிடோக், சிங்கப்பூர்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
குன்று மண் வெட்டும் பணி அலுவலகம், சிங்கப்பூர்.

பொருள்: மண் சரியும் தர்கா வழியில் யாத்திரிகர்கள் ஏறாமல் தடுக்க வேண்டுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இக்குன்றின் மேலுள்ள தர்காவைப் பராமரித்து வருகிறார். நாங்கள் குடியிருப்பது குன்றின் அடியில். நான் மணமாகி வந்த காலத்தில் யாத்திரிகர்கள் தென்னந்தோப்பு வழியே நடந்து வருவார்கள். இப்போது தார்ச்சாலை வந்துவிட்டது. ஜொகூரிலிருந்துகூட வாடகை பஸ்களில் வருகிறார்கள். நோன்புப் பெருநாளை அடுத்து, இங்கு அடங்கியிருக்கும் அவுலியாவுக்கு எடுக்கும் கந்தூரி விழாவன்று குன்றில் நிற்க இடமிருப்பதில்லை.

2. கடலைத் தூர்ப்பதற்காகக் குன்றின் தென்புறத்தை வெட்டி லாரிகளில் மண் கொண்டுபோகிறார்கள். மேலே ஏறும் வழி இப்போது வெட்டிய விளிம்பை ஒட்டியே செல்கிறது. மழை பெய்தால் மண் சரியும் ஓசை எங்கள் அடுப்படி வரை கேட்கிறது.

3. சென்ற வெள்ளிக்கிழமை செம்பவாங்கிலிருந்து பூவம்மா என்பவர் மகளுடன் நேர்த்திக்கடன் செலுத்த வந்தார். இந்துவானாலும் ஆண்டு தவறாமல் வருபவர். பாதி வழியில் அவர் காலடி மண் இறங்கிவிட்டது. இடுப்பு வரை புதைந்துபோனார். என் கணவரும் பக்கத்து வீட்டு அஸ்மத்தும் கைகளாலேயே மண்ணை அள்ளி அவரை மீட்டனர். கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். அந்த மகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

4. மண் வெட்டும் மேஸ்திரியிடம் போய் முறையிட்டேன். மண் எடுப்பதுதான் தம் வேலை, மேலே ஏறுகிறவர்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று கூறிவிட்டார். தர்கா நிர்வாகத்தாரோ, வழியை மூடினால் தர்காவையே எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. இருந்தும் எழுதுகிறேன்.

5. என் கணவர் கந்தூரியை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. "அவுலியா பாத்துக்குவாங்க, நீ பயப்படாதே" என்கிறார். ஓரமாகக் கயிறு கட்டியிருக்கிறார். அந்தக் கயிறு எத்தனை பேரைத் தாங்கும் ஐயா? குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்களே.

6. இதை அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். கையொப்பமிடச் சொன்னேன். மறுத்துவிட்டார். ஆனால் தாளை வாங்கிக் கிழிக்கவில்லை. குன்றைப் பார்த்தபடி, "பெருநாளுக்கு முந்தியே ஆள் வருவாங்களான்னு கேட்டு எழுது" என்றார். இத்தனை நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே, நோன்புப் பெருநாளுக்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, வழியை அடைத்து, வடபுறமாக வேறு பாதை அமைத்துத் தரவேண்டும். அதுவரை அருகில் மண் வெட்டுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். என் சொல்லுக்குக் கூட்டம் நிற்காது. அரசாங்க உத்தரவுக்கு நிற்கும். அந்த உத்தரவை என் கணவர் பெயருக்கே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறவர்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
சாயிரா பானு
(கையொப்பம்)

இடம்: பிடோக்
நாள்: 12 டிசம்பர் 1966