லூப்பில் நின்ற கூட்ஸ்

மார்ச் 3, திங்கள்

காலை ஷிஃப்ட். பாசஞ்சர் வண்டிகள் எல்லாம் நேரத்துக்குப் போயின. கூட்ஸ் வண்டிகள் எப்போது போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.

ஒரே தண்டவாளம். இரண்டும் அதில்தான் ஓட வேண்டும். பின்னால் பாசஞ்சர் வருகிறது என்றால், முன்னால் போகும் கூட்ஸை ஏதாவது ஒரு ஸ்டேஷனில் பக்கத்துத் தடத்தில் ஒதுக்கி நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்துத் தடம்தான் லூப். எந்த ஸ்டேஷனில் யார் ஒதுங்குவது, எவ்வளவு நேரம் நிற்பது என்று கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து போனில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்று ஒதுக்கிய வண்டிகளில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. கூட்ஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றாமலே, "அந்த லூப்புக்கே எனக்குத் தபால் வர்ற மாதிரி பண்ணிடேன். இந்த விலாசம் எதுக்கு?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்.

மார்ச் 7, வெள்ளி

கன்ட்ரோல் அறையில் ஆளுக்கொரு பகுதி, ஆளுக்கொரு போர்டு; பக்கத்து போர்டில் உட்காருகிறவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுகிறோம். டிரைவர்கள் ஓய்வறையில் பேசிக்கொண்டதை அவர் வந்து என்னிடம் சொன்னார். "அவனுக்கென்னப்பா, பொண்டாட்டி கன்ட்ரோல்ல உட்கார்ந்திருக்கா. போற இடமெல்லாம் பச்சைதான்."

பச்சையா! யாரிடம் போய்ச் சொல்ல?

போன வருஷமே இந்தப் பேச்சு காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு கணக்கு. மற்ற டிரைவர்களை, நேரம் போதுமா என்று சந்தேகம் வந்தால் நிறுத்துவேன். அவரை, சந்தேகம் வராவிட்டாலும் நிறுத்துவேன். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. இதை அவரிடம் சொன்னதில்லை.

மார்ச் 12, புதன்

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல். என் மாமனார் அப்படி ஒன்றும் சாதுவான நோயாளி இல்லை. மூக்கில் குழாயோடு, "ஏம்மா கன்ட்ரோலு, நம்ம நிலக்கரி வந்துட்டானா?" என்று கேட்டார். மகன் நிலக்கரி வண்டி ஓட்டுவதால் அவன் நிலக்கரி. நான் கன்ட்ரோல். எங்கள் இருவருக்கும் வேறு பெயர் உண்டு என்பதே அவருக்கு மறந்துபோய் வெகு நாளாகிறது.

இப்போதைக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

மார்ச் 14, வெள்ளி

மாமா நர்ஸை அதட்டினார். நல்ல அறிகுறி.

மார்ச் 17, திங்கள்

மாமா போய்விட்டார். கடைசிவரை மகன் வந்து சேரவில்லை.

மார்ச் 20, வியாழன்

வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வாடகை நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

டாக்டர் தைரியம் சொன்னதால் அன்று இருவருமே வேலைக்குப் போயிருந்தோம். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போர்டில் உட்காரும்போது போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மதியம் சாப்பிடப் போகும்போது எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து வரிசையாக அழைப்புகள். "அம்மா, தாத்தாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. அப்பாவைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அப்பா எங்கம்மா?"

எங்கே என்று இந்த உலகத்திலேயே எனக்குத்தான் சரியாகத் தெரியும். நிலக்கரி ஏற்றிய வண்டியோடு அவர் என் பகுதிக்குள்தான் வந்துகொண்டிருந்தார். ஓட்டும்போது அவர் போனும் அணைந்திருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தேன். அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு வருகிற மனுஷனிடம் இதைச் சொல்லி... வேண்டாம், முதலில் வந்து சேரட்டும். நான் போகலாம் என்றால் போர்டில் உட்கார மாற்று ஆள் இல்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஏற்றத்துக்கு முந்திய சின்ன ஸ்டேஷனிலிருந்து மாஸ்டர் கூப்பிட்டார். "மேடம், கூட்ஸ் கிட்ட வந்துடுச்சு. நேரா விடவா, லூப்பா?"

பின்னால் பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது. ஆனால் தள்ளி வந்துகொண்டிருந்தது. அதற்குள் கூட்ஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் அங்கே ஒதுங்கிவிடலாம். அங்கிருந்து ஊர் பக்கம். நேரம் தாராளமாக இல்லை, ஆனால் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் "விடுங்க" என்றிருப்பேன். யோசித்திருக்கக்கூட மாட்டேன்.

அறைக்குப் பொறுப்பான சீஃப் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மீசை பக்கத்தில். மாமா ஆஸ்பத்திரியில் இருப்பது அறை முழுக்கத் தெரியும்.

"லூப்" என்றேன்.

அத்தனை நீள வண்டி லூப்புக்குள் ஊர்ந்துதான் நுழையும். கடைசிப் பெட்டியும் உள்ளே வரும்வரை பின்னால் வந்த பாசஞ்சர் சிக்னலில் நின்றது. எந்த வண்டிக்காக அவரை நிறுத்தினேனோ அந்த வண்டியே தாமதம். அது போனதும் எதிரிலிருந்து ஒன்று, அதன் பின்னாலேயே இன்னொன்று. கூட்ஸ் ஓடும்வரைதான் ஓட்டம். ஒருமுறை நின்றால் மறுபடி இடம் கிடைப்பது லேசில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்றுக்கொண்டது. தெரியாதா எனக்கு?

அவர் அந்த லூப்பில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மாமாவின் மூச்சு அடங்கியது. பேத்தியின் கையை இறுகப் பிடித்திருந்தாராம். விரல்களை நர்ஸ்தான் பிரித்து எடுத்தாளாம்.

மார்ச் 27, வியாழன்

இன்று கேட்டுவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் பார்த்தபடி, "அன்னைக்கு எனக்கு வழி இருந்துதா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாரா? இந்தப் பாதையில் எவ்வளவு நேரத்தில் எதைத் தாண்டலாம் என்று அவருக்குத் தெரியாதா?

"இருந்துது."

"அப்புறம் ஏன்?"

"நீங்கங்கிறதாலதான்."

தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் அதே துண்டை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

லீவு முடிந்து இன்று வேலைக்குப் போனேன். சீஃப் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேலிடத்துக்குச் சொல்லிவிட்டாரோ என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"உங்க வீட்டுக்காரர்னு பார்த்து ஒரு வண்டியை விட்டா தப்பும்மா. அவர்னு பார்த்து நிறுத்தினாலும் அதே தப்புதான். போர்டுல வண்டியைப் பாருங்க. ஆளைப் பார்க்காதீங்க." அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 11, வெள்ளி

அவர் என்னோடு பேசுவதில்லை. சண்டை இல்லை. மகள் வழியாகத்தான் எல்லாம். "அம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு." அம்மா எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் நிற்கிறாள். ஓய்வு நாளில்கூட வெளியூர் ஓய்வறையிலேயே தங்கிவிடுகிறார்.

மாமாவின் கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறோம். யாருக்கும் அதை வெளியே எடுத்துப் போடக் கை வரவில்லை.

மே 6, செவ்வாய்

இப்போதெல்லாம் கூட்ஸை நிறுத்தும்முன் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறேன். இடைவெளி இருந்தால் விட்டுவிடுகிறேன். யார் ஓட்டுகிறார் என்று கேட்பதே இல்லை. போன மாதம் கூட்ஸும் நன்றாக ஓடியது, பாசஞ்சரும் நேரத்துக்குப் போனது. "என்ன மேடம், கை தாராளமாயிடுச்சு?" என்றார் மீசை.

ஜூன் 9, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

தூறல்தான். பாசஞ்சருக்கு முன்னால் ஒரு சிமென்ட் வண்டியை ஏற்றத்தில் விட்டேன். இடைவெளி போதுமான அளவு இருந்தது. பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது. பின்னால் இன்னொரு இன்ஜின் போய்த் தள்ளி ஏற்றும்வரை பாசஞ்சர் கீழே காத்திருந்தது. அதிலிருந்த சனம் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வந்து கத்தியதை நானும் போனில் கேட்டேன். ஒரு அம்மா, "என் மகளுக்கு இன்னைக்கு இன்டர்வியூ, யாருங்க பதில் சொல்றது?" என்று அழுதாள்.

நான்தான். வேறு யார்?

விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் அவர் டியூட்டி முடித்து வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மழைல, அந்த ஏத்தத்துல, முழு லோடு சிமென்ட்டை விட்டியா? யாராவது விடுவாங்களா? உனக்கு என்ன பைத்தியமா?"

"தூறல்தானே..."

"தூறல்தான் மோசம்! நல்ல மழைன்னா தண்டவாளம் கழுவி விட்டாப்ல ஆயிடும். தூறல்ல எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சேறு மாதிரி ஒட்டும். அதுல எப்படி ஏறும்? கீழே இருந்து வேகமா வரவிட்டிருந்தாலாவது ஏறியிருக்கும். அங்கே ஒரு தடவை நிறுத்தி எடுக்க வெச்சியா?"

"ஆமா. எதிர்ல ஒண்ணு வந்துச்சு."

"ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்னை?"

மார்ச்சுக்கு அப்புறம் என்னிடம் நேராக அவர் பேசியது இதுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியதால் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். குரலை இறக்கி, "சரி விடு. மெமோக்கு என்ன எழுதப் போறே?" என்றார். இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். நடந்ததை நடந்தபடி. அவர் ஒரு வரி சொன்னார், நான் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

மாமாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கட்டிலை அவரே வெளியே எடுத்துத் துடைத்தார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இல்லை, மறுபடி மாட்டி அதே இடத்தில் போட்டார். அதில் படுத்துத் தூங்கினார். நான் எழுப்பவில்லை.

ஜூலை 3, வியாழன்

டிரைவர்கள் ஒவ்வொருவராக ஒரு நாள் கன்ட்ரோல் அறைக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று புது ஏற்பாடு. அந்த சிமென்ட் வண்டி விவகாரத்துக்குப் பிறகு சீஃப் கொண்டுவந்தது. இன்று காலை போர்டில் உட்கார்ந்து திரும்பினால், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். வீட்டில் மூச்சே விடவில்லை. மீசை எழுந்து கைகொடுத்தார்.

பத்து வண்டிகள் ஒரே நேரத்தில் என்னைக் கேட்கும். இங்கே ஒன்று வந்துவிட்டது, அங்கே ஒன்று கிளம்பவில்லை, தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் இன்னும் விலகவில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நடுவில் ஒருமுறை, "இவ்வளவு பேரா?" என்றார், தனக்குத்தானே.

பிற்பகலில் ஒரு உர வண்டி ஏற்றத்துக்கு முந்திய அந்த ஸ்டேஷனுக்கு வந்தது. பின்னால் பாசஞ்சர், எதிரில் இன்னொன்று. வழி இல்லை. உண்மையாகவே இல்லை. "லூப்" என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பின்னாலிருந்து அவர் குரல். "எவ்வளவு நேரம் நிற்கணும்னு அந்த ஆளுக்குச் சொன்னியா?"

"அதெல்லாம் சொல்ற வழக்கம் இல்ல."

"சொல்லு. தெரிஞ்சா இறங்கி முகம் கழுவலாம். ஒரு வாய் சாப்பிடலாம். தெரியலைன்னா சிக்னலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அன்னைக்கு நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "டிரைவர்கிட்டயா? சொல்லணுமா மேடம்?" என்று கேட்டார். "ஆமா, போய்ச் சொல்லுங்க. பாசஞ்சரும் எதிர்ல வர்றதும் போன பிறகுதான். நிதானமாச் சாப்பிடச் சொல்லுங்க." பாசஞ்சர் நேரத்துக்குப் போனது. எதிர் வண்டியும் போனது. உர வண்டி கிளம்பியதும் மாஸ்டரே மறுபடி கூப்பிட்டு, டிரைவர் நன்றி சொன்னதாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒரு கூட்ஸ் டிரைவரிடமிருந்து எனக்கு வந்த முதல் நன்றி.

ஷிஃப்ட் முடிந்து இருவரும் நடந்தே வந்தோம். கடைத்தெருவில் கூட்டம் நெருக்கியபோது என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

மகள் கதவைத் திறந்தாள். ஒருநாளும் சேர்ந்து வராத நாங்கள் இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் நிற்பதைப் பார்த்து அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல" என்றார் அவர். "வேலை முடிஞ்சுது, வந்துட்டோம். நகரு, பசிக்குது."