பின்படிக்கட்டுக்குப் போட்ட பூட்டு

ஈப்போ,
12.7.1988

அன்பு மகள் நவமணிக்கு அம்மா எழுதுவது. பழனியப்பன் நம் மாடியில் பின்படிக்கட்டுக்குப் போகும் வழியை மறித்து இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். அநியாயத்தை முதலில் சொல்லிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். நானும் அப்பாவும் சுகம். கடல் தாண்டித் தவாவில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும், நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றுக் கடைசி வீட்டுக்கு வந்தாரே, நீகூட மாமா என்று கூப்பிடுவாய், அவர்தான். போன வருடம் பிளாட்டுக்குச் சங்கம் வைத்தபோது அவரையே தலைவராகப் போட்டோம், நானும் கை தூக்கினேன். இப்போது திருடன் வருவான் என்று கதவைப் போட்டு, உள்ளே வரிசையாக ஆர்க்கிட் தொட்டி தொங்கவிட்டிருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கையில் பிடி இல்லை என்பது உனக்குத் தெரியும். பின்படிக்கட்டில் இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது, முன்படிக்கட்டில் ஒரு பக்கம்தான், இறங்கும்போது அது வலது பக்கம். கதவு வந்த பிறகு அவர் டீக்கடைக்கு இறங்கவே இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் புளி அதிகம், ரசத்தில் புளி இல்லை என்று என் உயிரை வாங்குகிறார். சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் நேற்று சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கதவுவரை போய், பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அக்கா, வீட்டு கிராண் பத்திரம் உங்க மக பேர்ல இருக்குலா, உங்களுக்கு ஓட்டு இல்ல, உக்காருங்க என்றார் பழனியப்பன். உங்களைத் தலைவராக்கினப்ப மட்டும் இந்தக் கை நல்ல கையா இருந்துச்சா என்றேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போட்ட அந்த எண்பத்தைந்தாம் வருடச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன், புரியாததைப் பக்கத்து வீட்டு டோரிஸ் சொன்னாள். ஓட்டு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனால் நடைவழியும் படிக்கட்டும் எல்லாருக்கும் பொது என்றும் அதில் இருக்கிறது. நம் ஆட்டுக்கல்லும் நடைவழியில்தான் கிடந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் வாசல் நம்முடையது, அந்த நினைப்பில் போட்டிருந்தேன். அவர் அதைச் சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் உள்ளே இழுத்துவிட்டேன், இப்போது சமைக்கிற குசினியில் நடக்க வழி இல்லை, அப்பாவுக்கு அதுவும் ஒரு குறை.

அடுத்த கூட்டத்தில் சம்மதம் வாங்கிக் கதவை நிலையாக்கிவிட அவர் பார்க்கிறார். நான் விசாரித்தவரையில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது, உன் ஓட்டு போகிற பக்கம்தான் முடிவு. நான் காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரம் வந்து அப்பாவிடம் உன் விலாசம் கேட்டிருக்கிறார். உனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து இந்த மனுஷன் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்து, விலாசத்தோடு உன் நட்சத்திரத்தையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை வராது. உன் ஓட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லி ஒரு பாரம் வரும். மாமா கேட்கிறாரே என்று அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீ அவர் பாரத்தைக் கிழித்துவிட்டு, இதோடு வைத்திருக்கும் என் பேர் போட்ட பாரத்தில் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும், கூட்டம் அடுத்த மாதக் கடைசி ஞாயிறு. டோரிஸ் அதைச் செயலாளர் கையில் கொடுப்பாள். நான் கை தூக்குவேன். பழனியப்பன் பூட்டை மட்டும் இல்லை, கதவையே கழற்ற வேண்டும். அவர் தொட்டிகளை யாரும் உடைக்கக்கூடாது, பூ என்ன பாவம் செய்தது, என் ஆட்டுக்கல் உள்ளே போன மாதிரி அவையும் அவர் வீட்டுக்குள் போகட்டும். அப்பா சட்டையைத் துவைத்துத் தயாராக வைத்திருக்கிறேன், டீக்கடைக்கு அவர்தான் இறங்க வேண்டும்.

மாரியம்மா உன் கூடவே இருந்து காப்பாற்றுவாள். உறையை ஒட்டுவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டாயா என்று இன்னொரு தடவை பார்.

இப்படிக்கு,
கிராணிக்கு உட்காராத உன் அம்மா,
இருளாயி