பதின்மூன்றரைக் கிலோ

பிப்ரவரி 4

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய். திருப்பிக்கொள், ஆனால் கிழித்துப் போட்டுவிடாதே, விஷயம் இருக்கிறது. நீ படகு இன்ஜின் கடையில் மேலாளராக இருக்கிறாய், உனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று எங்கள் துறைக்கு வரும் ஐஸ் வண்டிக்காரர் சொன்னார். "உங்க பொண்ணா? அந்தம்மா சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிடுவாங்களே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் அல்லவா! இப்போதைய வீட்டு முகவரி தெரியாததால் கடைக்கே எழுதுகிறேன்.

படகு நன்றாக இருக்கிறது. பதினெட்டு அடி, ஒரே பாய்மரம். போன மாதம்தான் வெள்ளை அடித்தேன். பக்கவாட்டில் உன் செல்லப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இத்தனை நாள் காற்றை நம்பியே ஓட்டிவிட்டேன். ஆனால் உங்கள் ஊர் ஆற்றுவாயில் தண்ணீர் வெளியே தள்ளும் நேரத்தில், பாயை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது நடக்காத காரியம். ஒரு சின்ன இன்ஜின் இருந்தால் கதை வேறு. விரிகுடாவைப் பாயில் கடந்து, ஆற்றுவாய் வந்ததும் இன்ஜினைத் தட்டிவிட்டு, உன் கடைக்குப் பின்னால் இருக்கிற துறையிலேயே வந்து கட்டுவேன். உன்னைப் பார்ப்பேன், பேத்தியைப் பார்ப்பேன். பதினோரு வருஷம் ஆயிற்று, சிட்டு.

ஒரே சிக்கல் என் வலது தோள். பதினைந்து கிலோவுக்கு மேல் தூக்கினால் தன்னிடம் வரவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைக்கு வந்ததும் இன்ஜினைக் கழற்றி மேலே தூக்க வேண்டுமே. எடை குறைந்த இன்ஜின் எது? நீ எதைச் சொல்கிறாயோ அதை வாங்குகிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா

*

பிப்ரவரி 12

ஐயா,

தங்கள் 4ஆம் தேதிக் கடிதம் கடைக்குக் கிடைத்தது.

பதினெட்டு அடிப் பாய்ப்படகுக்கு இரண்டு அல்லது இரண்டரைக் குதிரைத்திறன் தாராளம். எங்களிடம் இருப்பதிலேயே எடை குறைந்த பெட்ரோல் இன்ஜின் பதின்மூன்றரைக் கிலோ. காற்றாலேயே குளிரும் வகை என்பதால் உள்ளே உப்புத் தண்ணீர் ஓடாது, கழுவுகிற வேலை மிச்சம். சத்தம் அதிகம், காது கொஞ்சம் வலிக்கும். தலையிலேயே ஒரு லிட்டர் டாங்கி இருக்கிறது, முழு வேகத்தில் ஒரு மணி நேரம் வரும். ஆற்றுவாயைத் தாண்ட இருபது நிமிடம் போதும். இதற்கு அடுத்த அளவு பதினெட்டுக் கிலோ. அது தங்கள் தோளுக்கு ஆகாது.

பின்பலகையில் இன்ஜினை மாட்டும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை எவ்வளவு என்று அளந்து எழுதவும். அதை வைத்துத்தான் குட்டைத் தண்டு வேண்டுமா, நெட்டைத் தண்டு வேண்டுமா என்று சொல்ல முடியும். தண்டு குட்டையாகிவிட்டால் அலையில் படகு குதிக்கும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும்.

இப்படிக்கு,
மேலாளர்

குழந்தைக்கு ஐந்தரை வயது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

*

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

ஐயாவா? சரி, ஐயா என்றே இருக்கட்டும். திட்டாமல் பதில் போட்டாயே, அதுவே பெரிது. உன் கடிதத்தைத் துறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "கேப்டன், உங்க பொண்ணு உங்களை விட விவரம்" என்றார்கள். இங்கே என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாகத்தான்.

அளவு நாடாவுக்கும் எனக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும். நூலில் முடிச்சுப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு பின்பலகையின் உச்சி, இரண்டாவது முடிச்சு அடி. சின்ன வயதில் உன் உயரத்தைக்கூட நூலில்தானே அளந்து வைப்பேன்? இரண்டு நிமிடம் நேராக நிற்க மாட்டாய், என்ன ஆட்டம் ஆடுவாய்!

பதின்மூன்றரை என்று எழுதியிருக்கிறாய். அது பெட்ரோல் ஊற்றாமலா, ஊற்றியா? ஊற்றினால் முக்கால் கிலோ கூடுமே. கைப்பிடி பக்கவாட்டில் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? பின்பக்கம் கனம் கூடினால் படகு பின்னால் குந்திவிடும், ஓட்டமே கெட்டுப்போகும். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும், அவசரப்படக் கூடாது.

அம்மா போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்த வருத்தம் இன்னும் நெஞ்சிலேயே இருக்கிறது.

அப்பா

*

மார்ச் 3

ஐயா,

நூல் கிடைத்தது. தவறாக அளந்திருக்கிறீர்கள். படகைக் கரையில் ஏற்றி வைத்துக்கொண்டு பலகையின் அடிவரை அளந்திருக்கிறீர்கள். நான் கேட்டது தண்ணீர் மட்டம் வரை. படகைத் தண்ணீரில் விட்டு, நீங்கள் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, வேறு ஒருவர் அளக்க வேண்டும். உங்களுக்கு என்று யாராவது இருந்தால்.

பெட்ரோல் ஊற்றாமல் பதின்மூன்றரை. கைப்பிடி முன்பக்கம்.

அம்மா போன செய்தி தாமதமாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது கடை வேலையில் சேராது, இருந்தாலும் பதில் எழுதுகிறேன். அம்மா படுத்த முதல் மாதமே உங்களுக்கு எழுதினேன். மறுபடியும் எழுதினேன். இரண்டாவதற்குப் பதில் வந்தது. பாயைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் புறப்படுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா பத்து மாதம் படுத்திருந்தார். அந்தப் பாய் தைத்து வரவே இல்லை. அதற்கு முன்னால், படகைச் சரிசெய்துவிட்டு இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போனீர்கள். வாசலில் நின்று நான்தான் உங்கள் பையை எடுத்துக் கொடுத்தேன்.

எடையைப் பற்றி இவ்வளவு கேட்கிறீர்களே, நானும் ஒரு எடை சொல்கிறேன். கடைசியில் அம்மா முப்பத்தொன்பது கிலோ. உங்கள் மருமகன் வேலைக்குப் போன பிறகு நான் தனியாகத்தான் தூக்குவேன். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, மறுபடி கட்டில். அப்போது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். என் டாக்டரும் தூக்கக் கூடாது என்றுதான் சொன்னார். எங்கே கைப்பிடி இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

திரும்ப அளந்து அனுப்பவும்.

மேலாளர்

*

மார்ச் 15

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் படித்துவிட்டு இரண்டு நாள் படகுப் பக்கமே போகவில்லை. உன் கோபம் நியாயம்தான். நான் என்ன சொன்னாலும் சாக்குப்போக்காகத்தான் இருக்கும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

நீ சொன்னபடி தண்ணீரில் விட்டு அளந்தாயிற்று. வலைக்காரர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிடித்தார். புது நூல் வைத்திருக்கிறேன், பார். நெட்டைத் தண்டுதானே?

இன்னொரு யோசனை. பேட்டரியில் ஓடுகிற இன்ஜின் வந்திருக்கிறதாமே. இன்ஜின் ஒன்பது கிலோ, பேட்டரி ஆறு கிலோ, இரண்டையும் தனித்தனியாகத் தூக்கலாம் என்கிறார்கள். தோளுக்கு நல்லதுதான். சத்தமும் இல்லை. ஆனால் ஆற்றுவாயில் பாதியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் நடுத்தெருவில் நின்ற மாதிரி ஆகிவிடுமே. உன் அபிப்பிராயம் என்ன? பெட்ரோலா, பேட்டரியா என்று இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

மறந்துவிட்டேனே, பேத்தி எவ்வளவு உயரம் இருப்பாள்? ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பு. துறைக்கு வந்தால் அவளை ஒரு சுற்று கூட்டிப்போக வேண்டும், அவள் அளவுக்கு மிதவைச் சட்டை வாங்கி வைக்கிறேன். ஆரஞ்சு நிறம் பிடிக்குமா?

அப்பா

*

மார்ச் 28

அப்பாவுக்கு,

நெட்டைத் தண்டுதான். இரண்டாவது நூல் சரியாக இருக்கிறது.

பேட்டரி வேண்டாம். உங்களுக்குப் பேட்டரியைச் சார்ஜ் போட ஞாபகம் இருக்காது. பதின்மூன்றரைக் கிலோ பெட்ரோல் இன்ஜின், நெட்டைத் தண்டு, நேற்று ஒன்று வந்து இறங்கியது. அதைத் தனியாக எடுத்து, உறையைப் போட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நானே பலமுறை தூக்கிப் பார்த்தேன். முன்கைப்பிடியில் இடது கை, தண்டில் வலது கை வைத்தால் தோளுக்கு வலிக்காது. வந்தால் காட்டித் தருகிறேன்.

மிதவைச் சட்டை என்றதும் குழந்தைக்கு நிலைகொள்ளவில்லை. அளக்க நூலை எடுத்தேன், வாலு நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். "தாத்தா வந்து அளக்கட்டும், நீ அளக்காதே" என்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் பின்னால் துறைக்கு ஓடுகிறாள். எந்தப் படகு வந்தாலும் "இதுவாம்மா, இதுவாம்மா?" என்று கேட்டு நச்சரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது.

அதனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை கடிதத்தில் நான் இதை எழுதவில்லை. நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்தேன்.

விரிகுடாவின் மேல் பாலம் கட்டி எட்டு வருஷம் ஆகிறது, அப்பா. உங்கள் துறை வாசலில் ஏறினால் எங்கள் கடைத்தெருவில் இறங்கலாம். ஐம்பது நிமிடம். அரை மணிக்கு ஒரு பஸ். அம்மா படுத்திருந்தபோதும் ஓடியது. அம்மா ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார், பஸ் நிற்கிற சத்தம் கேட்கட்டும் என்று.

போனது போகட்டும். எனக்குச் சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எனக்கு என் அப்பா வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி பஸ்ஸில் வாருங்கள். நானும் குழந்தையும் நிறுத்தத்தில் நிற்போம். சாப்பிட்டுவிட்டு, அவளை அளந்துவிட்டு, மாலையில் இன்ஜினோடு போகலாம். உங்கள் மருமகன் வண்டியில் கொண்டுவந்து விடுவார். நீங்கள் ஒரு கிலோகூடத் தூக்க வேண்டாம்.

கட்டாயம் வாங்க அப்பா.

உங்கள்,
சிட்டு

*

ஏப்ரல் 10

அன்பு மகள் சிட்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். அப்பா என்று கூப்பிட்டுவிட்டாய், எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும் என்றுதான் சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தேன். ஒன்பது மணிக்குத் துறை வாசலுக்கும் வந்துவிட்டேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, சிட்டு! வருஷத்தில் நாலு நாள்தான் அப்படி அடிக்கும். பக்கத்துப் படகுக்காரர் வேறு, தன்னுடைய பேட்டரி இன்ஜினை மாட்டிப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டார். சரி, உன்னிடம் கேட்ட சந்தேகம் தீர்ந்த மாதிரியும் ஆயிற்று என்று ஏறிவிட்டேன். நீ சொன்னதுதான் சரி, நீரோட்டத்தில் அது திணறுகிறது.

யோசித்துப் பார், பஸ்ஸில் ஒரு பையோடு வந்து இறங்கினால் அதில் என்ன இருக்கிறது? ஊரில் எல்லா அப்பாவும் அப்படித்தான் வருகிறார்கள். நான் பாயை விரித்து வந்து உன் துறையில் கட்ட வேண்டும், அதை நீயும் பேத்தியும் நின்று பார்க்க வேண்டும். அதற்குத்தானே இத்தனை பாடு!

இன்னொரு நல்ல செய்தி. அதே இன்ஜினில் அடுத்த வருஷம் புது மாதிரி வருகிறதாம், பன்னிரண்டு கிலோதானாம். ஒன்றரைக் கிலோ என்றால் சும்மாவா? நீ எடுத்து வைத்ததை இப்போதைக்கு வேறு யாருக்காவது கொடுத்துவிடு. புதுசு வந்ததும் முதல் ஆளாக எனக்கு எழுது. வாலுவிடம் தாத்தா வந்துகொண்டே இருக்கிறார் என்று சொல். அவளுக்கு என் முத்தம்.

அப்பா

*

ஏப்ரல் 16

ஐயா,

தங்கள் 10ஆம் தேதிக் கடிதம் கடைக்குக் கிடைத்தது.

தாங்கள் சொன்னபடி, எடுத்து வைத்த இன்ஜினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கும் தோள்வலிதான். ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷ மாதிரி பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. இருந்தாலும் எழுத மாட்டோம்.

எங்கள் அனுபவத்தில் தங்கள் படகுக்கு இன்ஜினே தேவையில்லை. வராமல் இருப்பதற்குக் காற்றே போதும்.

தாங்கள் அனுப்பிய இரண்டு நூல்களையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மிதவைச் சட்டை வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடவும். வாங்கியிருக்க மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பதினோரு பஸ் வந்தது. நரைத்த தலை இறங்கும்போதெல்லாம் குழந்தை என் கையை இழுத்து "இவரா?" என்று கேட்டாள். ஒருவரிடம் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் நல்ல மனிதர், குனிந்து, "நான் இல்லம்மா" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "தாத்தா செத்துப்போயிட்டாராம்மா?" என்று கேட்டாள். என் அம்மா ஏன் வருவதில்லை என்று முன்பு அவள் கேட்டபோது அப்படித்தான் சொல்லியிருந்தோம். அதனால் வராதவர்கள் எல்லோரும் செத்தவர்கள் என்று அவள் நினைக்கிறாள். நான் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, "ஆமாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். அதற்கப்புறம் பசிக்கிறது என்றாள், சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள். இப்போது துறைக்கு ஓடுவதில்லை. நன்றாக இருக்கிறாள்.

ஆகவே, எடை குறைந்த இன்ஜின் எப்போது கிடைத்தாலும், யாரிடம் வாங்கினாலும், தயவுசெய்து எங்கள் துறைக்கு வர வேண்டாம். செத்தவர் படகில் வந்து இறங்கினால் குழந்தை பயந்துவிடும்.

இப்படிக்கு,
மேலாளர்,
படகு இன்ஜின் விற்பனையும் பழுதுபார்ப்பும்