அக்ஸ்பிரிட்ஜில் இருபது நாள்

என் அன்பு அப்பா,

சரிவராது என்று தெரிந்த பேச்சுக்கு மனிதர்கள் ஏன் இவ்வளவு ஆயத்தத்தோடு போகிறார்கள்? வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எனக்குப் பதில் தெரியாது.

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. போன சனிக்கிழமை சவுத்தாலில் பஸ் ஏறி, அக்ஸ்பிரிட்ஜில் இருக்கும் அந்த வீட்டைத் திரும்பப் பார்க்கப் போனேன். முந்நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின் நடுவே, அரசரின் ஆட்களும் நாடாளுமன்றத்தின் ஆட்களும் சமாதானம் பேசிய வீடு. இப்போது அது ஒரு பப். எந்த அறையில் பேசினார்கள் என்று கேட்டேன். கவுண்டரில் நின்ற பெண், தான் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னாள்.

முன்பொருநாள் பஸ்ஸில் போகையில் அந்த வீட்டுப் பலகையை உங்களுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். அதன்பிறகு, அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டு நீங்கள் என்னை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கேள்விதான். நூலகத்தில் புத்தகம் எடுத்து, நாளுக்கு இரண்டு பக்கமாகத் தமிழில் சொன்னேன். பேச்சுக்கு இருபது நாள் தவணை. சமயம், படை, அயர்லாந்து என்று மூன்று விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள், பிறகு திரும்பவும் முதலிலிருந்து. தெருவின் ஒரு பக்கத்தில் இவர்கள் தங்க, மறுபக்கத்தில் அவர்கள். உங்களுக்கோ மேசையின் நீளம் தெரிய வேண்டும், யாருக்கு யார் சமைத்தது என்று தெரிய வேண்டும். ஊரில் எத்தனையோ கலியாணங்களைப் பேசி முடித்தவர் அல்லவா?

"முதல் எதைக் கதைச்சவை?"

"சமயத்தை."

"விசரர்! முதல் நாளே சீதனத்தை எடுத்தா கலியாணம் ஒப்பேறுமே?"

"அப்பா, அவை கலியாணம் பேச வரேல்லை."

"அதுதான் பிள்ளை பிழை."

பக்கத்துக் கட்டில்காரர் நாங்கள் சண்டை பிடிப்பதாக நினைத்து நர்ஸைக் கூப்பிட்டார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் என்னிடம் சொன்ன அன்று, நீங்கள் கேட்டீர்கள்: "ரெண்டு பகுதியும் ஒத்துப்போச்சினமோ?"

கடைசிப் பக்கத்தை நான் முன்பே வாசித்திருந்தேன். ஊரில் போர் நடந்த நாட்களில் வானொலியில் எந்தச் சமாதானச் செய்தி வந்தாலும் நடக்காது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். அன்று மட்டும், "இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கினம், அப்பா" என்றேன்.

அது பொய். உங்களுக்கு நான் சொன்ன ஒரே பொய் என்று நினைக்கிறேன். யாருக்காகச் சொன்னேன்?

அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து வந்திருக்கிறேன். மிச்சமுள்ள பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்துக்கு முன்னால் வாசிப்பேன், ஒரு வரியும் விடாமல். இது என் வாக்கு.

தம்பிக்கும் தங்கச்சிக்கும் இதுவரை சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னதற்கு அடுத்த நாள் நடந்தது இது. நான் புத்தகத்தைத் திறக்க முன்னரே நீங்கள் பேசினீர்கள்.

"சரிவரேல்லை, என்ன? பிறகு ராசாவின்ர தலையையும் வெட்டிப்போட்டாங்கள். பள்ளிக்கூடத்தில எங்களுக்கு இங்கிலாந்துச் சரித்திரம்தானே படிப்பிச்சது."

"தெரிஞ்சுகொண்டே ஏனப்பா கேட்டனீங்கள்?"

"நீ வாசிக்கேக்க சரிவரும் போலத்தான் கிடந்தது."

சொல்லிவிட்டு யன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்தீர்கள். பின்னேரம் நாலு மணிக்கு உங்கள் மூச்சு நின்றது.

உங்கள் மூத்த மகள்