62-ஆம் எண் இடமும் மூன்று கேன் ரோஸ் மருந்தும்

ஜனவரி 9, வெள்ளி

ஏரிப் பூங்காவில் ஜூலை 10-க்கான முகாம் இடப் பதிவு நாளைக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. சரியாக ஆறு மாதம் முன்பு. கண் இமைத்தால் கரையோர இடங்கள் போய்விடும். 62-தான் வேண்டும், இருபத்தொன்பது வருடமாக எங்கள் கேம்பர், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்தச் சக்கர வீடு, நிற்கிற இடம்.

என் கணவன் ரெய்னோவின் நுரையீரலைப் பற்றிப் பேசும்போது, வசந்த காலம் வரை தாங்கும் என்றார் டாக்டர். ஜூலை என்று அவர் வாயில் வரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 10

கிடைத்தது! நான் கணினியில், பக்கத்தில் ரெய்னோ போனில் மணி பார்த்தபடி. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நொடி எண்ணினான். "இப்ப அமுக்கு எல்மா, அமுக்கு!"

"வருஷா வருஷம் அதே இடம். அந்த ஏரிக்கே நம்ம மூஞ்சி அலுத்துப் போயிருக்கும்" என்றான். சிரித்துவிட்டு வெகுநேரம் இருமினான்.

பிப்ரவரி 15

பட்டியல் வளர்கிறது. கூடாரத் துணிக்கு இரண்டு முளை, கொசு மருந்து, கறி அடைத்த பேஸ்டி பன்னிரண்டு சுட்டு உறையவைக்க வேண்டும்.

இந்த முறை வண்டியை நான்தான் ஓட்டியாக வேண்டும். நேராகப் போவது பெரிதில்லை. பின்னால் கேம்பரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதுதான் கண்டம். இதுவரை அவன் ஓட்டுவான், நான் பின்னால் நின்று கையை ஆட்டுவேன். இடம் வலம் என்று இருவரும் கத்திக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான்: "கைய அடியில வை. கேம்பரோட வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகத்து. அவ்வளவுதான் கிழவி."

மார்ச் 28

கேம்பர் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று போனேன். சமையல் தொட்டிக் குழாயில் கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது.

கடவுளே.

அக்டோபரில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். மூச்சு வாங்க வாங்கக் கேட்டான்: "கேம்பருக்கு ரோஸ் மருந்து ஊத்திட்டியா?" உறைபனிக்கு முன்னால் குழாய்களில் தண்ணீரை வடித்து அந்த மருந்தை ஓடவிடாவிட்டால், குழாய் வெடித்துவிடும். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். "ஊத்தியாச்சு, நீ தூங்கு" என்றேன். அவன் நிம்மதியாகட்டும் என்றுதான். வீட்டுக்குப் போனதும் ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வாரமே பனி இறங்கிவிட்டது. நான் அந்தப் பேச்சையே மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன்? முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவனிடம் சொன்ன பெரிய பொய் இதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 11

ரெய்னோ தூங்கும்போது கோர்டியைக் கூப்பிட்டேன். மர ஆலையில் அவனோடு வேலை பார்த்தவன், இப்போது கேம்பர் பழுதுபார்க்கிறான். தண்ணீரைத் திறந்துவிட்டோம். தொட்டிக்கு அடியில், படுக்கைக்கு அடியில், சுவருக்குள் எல்லாம் கொட்டியது.

"இது குழாய் இல்ல எல்மா, சல்லடை" என்றான் கோர்டி.

"ரெய்னோ காதுக்குப் போகக் கூடாது."

தலையைச் சொறிந்தான். "ஜூன் கடைசிக்குள்ள முடிச்சுத் தரேன். ஆனா அவனுக்குப் பாம்புக் காது, பாத்துக்கோ."

ஏப்ரல் 26

ரெய்னோவுக்குக் கேம்பருக்குள் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டுமாம். குளிர் என்றேன். நேற்று சேறு என்றேன். நாளை என்ன சொல்வது?

மே 3

இன்று மறுபடி கேட்டான். என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை.

"மூணு கேனும் மூடி திறக்காம காரேஜுல இருக்கே கிழவி. நவம்பர்ல வீட்டுக்கு வந்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றான்.

"அப்புறம் ஏன்டா ஜனவரியில என்கூட உக்காந்து நொடி எண்ணுன?"

"குழாய் வெடிச்சிருக்கும்னு சொல்லியிருந்தா நீ பதிவு பண்ணியிருப்பியா? குழாய மாத்திக்கலாம். இடம் போனா போனதுதான். ஜூலையில உனக்குப் போக ஒரு இடம் வேணும்ல?"

உனக்கு. நமக்கு என்று சொல்லவில்லை. ஜனவரியிலேயே அவன் எனக்காகத்தான் எண்ணியிருக்கிறான். தட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அதற்குத்தான். எனக்கு வேணாம்டா அந்த இடம், நீ இல்லாம எனக்கு எதுக்குடா அது என்று கத்தினேன். பாவி, நோயாளியிடம் கத்தினேன்.

கேம்பர் படிகளில் அவனால் ஏற முடியவில்லை. கதவைத் திறந்துவைத்து, சக்கர நாற்காலியை வாசலுக்கு நேரே நிறுத்தினேன். காபியை வீட்டிலிருந்து கொண்டுபோனேன். இரண்டு மிடறு குடித்தான்.

மே 19

ரெய்னோ. காலை பத்து இருபது.

ஜூன் 27

பழுதுபார்க்க எடுத்துப்போன கேம்பரைக் கோர்டி கொண்டுவந்து விட்டான். குழாய் எல்லாம் புதிது. அவன் போன பிறகு கணினியைத் திறந்து, பதிவை ரத்து செய்கிற பொத்தான் வரை போனேன். மூடிவிட்டேன்.

ஜூலை 10

62. ஸ்டியரிங்கின் அடியில் கை. நான்கு முறை கோணலாகப் போய், ஐந்தாவது முறை நின்றது. பக்கத்து இடத்துக்காரர்கள் எங்களைப் பல வருடமாகப் பார்ப்பவர்கள். நாற்காலியில்தான் இருந்தார்கள், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இறங்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

பேஸ்டி பன்னிரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். யார் சாப்பிடப் போகிறார்கள்?

ஜூலை 14

காலையில் இரண்டு பேஸ்டி சாப்பிட்டேன். ஏரியில் முழங்கால் வரை இறங்கினேன். தண்ணீர் எப்போதும்போல் பல்லைக் கிட்டவைத்தது.

அக்டோபர் 4, ஞாயிறு

இன்று உறைபனி என்று வானொலியில் சொன்னார்கள். காலையிலேயே தண்ணீரை வடித்தேன். காரேஜிலிருந்த அதே மூன்று கேன்கள். சமையல் தொட்டி, கழிப்பறை, குளியலறை, வெளிக்குழாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ரோஸ் நிறம் வருகிறவரை நின்று பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை.

காலிக் கேன்களைக் குப்பையில் போடவில்லை. மூடியைக் கழற்றி, காரேஜில் அவன் பார்த்த அதே இடத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

ஊத்தியாச்சு ரெய்னோ. இந்தத் தடவை நெஜமாவே ஊத்தியாச்சு. நீ தூங்கு.