சிவப்பி வந்த தேதி

மார்ச் 4

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கே நலம். போனில் "ம்", "சரி" என்று வைத்துவிடுகிறாய். கடிதமானால் முழுசாகப் படித்துத்தானே ஆகவேண்டும்?

தோல் கழலை நோயில் நம் தெருவில் ஒன்பது மாடு போய்விட்டது. நம் மாடு இரண்டுக்கும், சித்தி கொடுத்த சிவப்பிக்கும் உடம்பெல்லாம் கட்டி வந்து, இப்போதுதான் தேறி வருகின்றன. எல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா சந்தையில் வாங்கி வந்த கன்றால் வந்த வினை. அதுவும் செத்துப்போனது, பாவம். பால் சங்கத்தில் அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். துணி தைக்கக் கொடுப்பவர்களும் நின்றுவிட்டார்கள்.

மாட்டு டாக்டர் கொட்டில் கொட்டிலாகக் கட்டியின் பொருக்கை எடுத்துப்போனார். உன் லேபுக்குத்தான் வருமாம். எந்த மாடு எப்போது வந்தது, எப்போது படுத்தது என்பதெல்லாம் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார். "உங்க நோட்டு இருக்கறப்ப எனக்கென்னம்மா கவலை!" என்றார்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன், நம்பு.

நம் தெருப் பொருக்குகளை நானேதான் பரிசோதித்தேன். ஈயும் கொசுவும் வைரஸை மாட்டுக்கு மாடு எடுத்துப்போகின்றன. அது பெருகப் பெருக அதன் மரபணுவில் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் விழும். அதை வைத்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். தையல் அத்தை கன்று வாங்கிய சந்தைப் பக்கம் இருப்பது ஒரு வகை. நம் தெருவில் அது ஒரு மாட்டில்கூட இல்லை. அத்தையின் கன்றிலும் இல்லை. எல்லாமே சித்தி ஊர் வகை.

சிவப்பி வந்தது ஜனவரி 2 என்று உன் நோட்டைப் பார்த்து டாக்டர் எழுதி அனுப்பியிருக்கிறார். அப்போது சித்தி ஊரில் நோயே இல்லையே. அம்மா, அது எப்போது வந்தது?

உன் மகள்

மார்ச் 23

அன்பு மகளுக்கு,

கொசுவுக்கு ஊர் எல்லையா இருக்கிறது, எங்கிருந்தும் பறந்து வரும். உன் லேப் மெஷின் தப்பே செய்யாதா? எனக்கு நாலு நாளாக முழங்கால் வலி. நீ அதைக் கேட்கவில்லை.

அம்மா

மார்ச் 27

அம்மா,

சித்தி ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் கொசு பறக்காது. லாரியில் மாடு வரும்.

பரிசோதனை அறிக்கை என் கையெழுத்தோடு போகவேண்டும். உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதுவே தப்பு.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்.

ஏப்ரல் 2

மகளே,

ஜனவரி 22.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், சிவப்பியைப் பார்க்க ஆளில்லை, சித்தி அழுதாள். வெளியூர் மாடு கொண்டுவரக்கூடாது என்ற உத்தரவைச் சங்கத்துப் பலகையில் எழுதியதே நான்தான். பள்ளிக்கூடம் போகாமல் நானே கற்ற எழுத்து, எல்லாரும் அழகு என்பார்கள். எழுதிய மூன்றாம் நாள் சிவப்பியை இறக்கினேன். கழுத்தில் இரண்டு கட்டி இருந்தது. பூச்சிக்கடி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். டாக்டர் வரப்போகிறார் என்றதும் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தேதியை மாற்றிப் புதிதாக எழுதினேன். ஊர் தையல்காரம்மாவை ஏசியபோது நானும் கூடச் சேர்ந்து ஏசினேன். தினமும் விடியக்காலையில் ஜெபத்துக்கு உட்காருவேன், எல்லாருக்காகவும் வேண்டுவேன். அவள் பெயர் மட்டும் வாயில் வராது.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. பழைய துணி எதையோ ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள், காறித் துப்புவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

"எங்கன்னுக்குட்டி வரும்போது நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. இங்க வந்துதான்..."

அப்போதுதான் கால் மிதிப்பதை விட்டது. "நாந்தான் இத்தனை மாட்டையும் கொன்னுட்டேன்னு நெனச்சேன்க்கா," என்றாள். முகத்தை அந்தத் துணியிலேயே மூடிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் காலெடுத்து வைக்கவில்லை.

சங்கத்திலும் டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். அறிக்கையில் என் பெயரையே போடு, அம்மா என்று பார்க்காதே. உன்னை இப்படிக் காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கக் கூசுகிறது.

இந்த முறை பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா